பெஞ்சின் மேல் ஏறி நான் படித்த செய்தி

ரங்கூனில் அவரவர் பேப்பரை அவரவர் வாய்க்குள் படித்துக்கொள்வோம். திண்டிவனத்து டீக்கடையிலோ ஒருவன் உரக்கப் படிக்க, இருபது பேர் கேட்கிறார்கள். கப்பலிலிருந்து இறங்கிய மூன்றே மாதத்தில் அந்த ஒருவன் நான். பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்ட தொண்டை, சும்மா இருக்குமா? அன்றைக்குக் கொட்டை எழுத்தில் வந்திருந்தது: "பர்மா அகதிகள் அட்டூழியம்! விழுப்புரத்தில் அரிசி கொள்ளை!" உள்ளே போனால் பிடிபட்டவன் ஒருவன், மூட்டை ஒன்று. கூட்டத்துக்குத் தலைப்பே போதுமாயிருந்தது.

"இன்னொரு வாட்டி படிப்பா, ஜல்தி!" என்றார் வண்டிக்காரர். பெஞ்சின் மேல் ஏறிப் படித்தேன்.

"நம்ம சோத்தத் துன்னுக்கினு நம்மகிட்டயே கைவரிசையா?"

"இவனும் அந்தக் கப்பல்தாம்பா!"

"இவன் படிச்சவன், வுடு." சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போதுதான் விழுப்புரம் பஸ்ஸிலிருந்து மாணிக்கம் அண்ணன் லுங்கி மூட்டையோடு இறங்கினார். கோலியனூரில் பிறந்து, பிழைக்கப் போய், என்னோடு ஒரே கப்பலில் திரும்பியவர். விழுப்புரம் பஸ்ஸையும் மூட்டையையும் பார்த்ததுமே ஆறு பேர் பாய்ந்தார்கள். துணி அளக்கும் அவருடைய கோலே அவர் முதுகில் முறிந்தது. முறிந்த முனை இடது கண்ணில் இறங்கியது. பேப்பரோடு பெஞ்சின் மேல் நின்றிருந்தேன். அவ்வளவு பெரிய தொண்டை ஒரு "நிறுத்துங்கள்" சொல்லவில்லை.

கண் போய்விட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "பேப்பரக் கேட்டுதான் அடிச்சாங்களாமே, யாரு தம்பி படிச்சது?" என்று அண்ணன் கேட்டார்.

"நான்தாண்ணே."

"ரங்கூன்ல எங் கடைய ஒடச்சப்ப எவனோ அவன் பாஷையில ஏதோ நோட்டீஸ் படிச்சான். இங்க நம்ம பாஷையில நீ படிச்சிருக்க." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் டீக்கடையில் பேப்பரை வாய்க்குள்ளேயே படித்தேன்: "அகதிகளால் கலவரம்; ஒருவர் காயம்." அடித்தவர்களையே காணோம்! கீழே உள்ளூர்த் திருட்டு ஒன்று. அந்தத் திருடனுக்குப் பெயர், தெரு, தகப்பன் பெயர் எல்லாம் இருந்தன. அங்கேதான் எனக்கு உறைத்தது. ஊர்க்காரன் திருடினால் அவன் திருடன். கப்பலில் வந்த நம்மில் ஒருவன் திருடினால் நாம் எல்லோரும் திருடர்கள். பெயர் இல்லாதவனை அடிக்கக் கை கூசுவதில்லை.

"இன்னாப்பா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார் கடைக்காரர். எழுந்து வந்துவிட்டேன்.

என்னோடு கப்பலேறியவர்களே, நாளைக் காலை அதே பெஞ்சில் ஏறப்போகிறேன். கையில் பேப்பர் இருக்காது, நான் எழுதிய தாள் இருக்கும். "கோலியனூர் மாணிக்கத்தின் கண்ணைப் பறித்தவர்கள் ஏழு பேர்" என்று தொடங்குகிறது. ஆறு பேருடைய பெயரையும் தெருவையும் விசாரித்து எழுதிவிட்டேன். ஏழாவது என் பெயர். அதற்கு நேரே ரங்கூன் தெருவை எழுதி, கோடு போட்டு அடித்து, திண்டிவனத்துத் தெருவை எழுதினேன். பிறகு அடித்ததையும் திரும்ப எழுதினேன். இரண்டையும் படிப்பேன்.