பாதம் கழுவிய பால்

செஞ்சியில் அந்த வீட்டை இன்றும் அரண்மனை என்றுதான் சொல்கிறார்கள். சிங்கவரம் போகும் சாலையில், பாதி ஓடு சரிந்த பெரிய வீடு. அதில் ராஜா என்று அழைக்கப்படுபவர் எழுபதைத் தாண்டியவர்: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மங்கிய கண்கள். வீட்டு டாக்டராக இருந்தவர் தன் மகனோடு வெளிநாடு போய்விட்டார். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

எந்த நோயாளியின் அறைக்குள் போனாலும் தெரிவதையெல்லாம் மனதுக்குள் வரிசை போட்டுக்கொள்வது என் பழக்கம். அன்று அதில் முதலில் வந்தது வாசனை. ஜவ்வாது, பன்னீர், ஊதுவத்தி. அவற்றுக்கு அடியில் அழுகல். வலது காலில் சுற்றியிருந்த பட்டுத் துணியைப் பிரித்தேன். கட்டைவிரலுக்குக் கீழே குழிப்புண். பக்கத்து விரலின் நுனி கறுத்திருந்தது. நரம்பு மரத்துப்போனதால் அவருக்கு வலியே தெரியவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட மூக்கைச் சுளிக்கவில்லை. புண்ணைவிட அதுதான் எனக்குக் குமட்டியது.

மூத்த மகனைத் தனியாகக் கூப்பிட்டேன். "உடனே ஆபரேஷன் பண்ணணும். இப்ப போனா விரலோட போயிடும். தள்ளிப்போட்டா காலு, அப்புறம் உயிரு."

"தேர் முடியட்டும் டாக்டரம்மா. அங்கத்துல குறைன்னு தெரிஞ்சா நைனாவுக்குப் பரிவட்டம் கட்ட மாட்டாங்க. சித்தப்பா கைக்குப் போயிடும்."

பரிவட்டம் கட்டிக்கொண்டு தேர் வடத்தை முதலில் தொடுவது ஒன்றுதான் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த ராஜ்ஜியம். அதற்காக ஒரு மனிதரை உயிரோடு அழுகவிட்டிருந்தார்கள். தினமும் போய்க் கட்டு மாற்றினேன், ஊசி போட்டேன், ஈரம் படக்கூடாது என்றேன். கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

தேருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பங்காளிகள் கூடினார்கள். அன்று காலையில்தான் எனக்கு அந்த வழக்கத்தைச் சொன்னார்கள். மகன் ராஜாவின் பாதத்தைப் பாலால் கழுவுவார். அந்தப் பாலில் முதல் கை அரண்மனை வைத்தியருக்கு. வைத்தியர் குடித்தால் ராஜாவின் உடம்பில் குறையில்லை என்று அர்த்தம். பிறகு எல்லோரும் குடிப்பார்கள்.

"சும்மா உதட்டுல வச்சிக்கோங்க, போதும்" என்றார் மகன். "இடது கால மட்டுந்தான் கழுவப் போறேன். பயப்படாதீங்க."

இடது பாதத்தைக் கழுவி முடித்துத் துண்டை எடுத்தபோது ராஜாவின் தம்பி, அந்தச் சித்தப்பா, சிரித்தார்.

"இன்னாடா, ராஜாவுக்கு எப்பலேர்ந்து ஒத்தக் காலு? இன்னொன்ன யாரு வந்து கழுவுவாங்க?"

கூட்டம் சிரித்தது. மகன் என்னைப் பார்க்கவில்லை. நான் "வேணாங்க" என்று முன்னால் வருவதற்குள், பட்டுத் துணிக்கு அடியில் கையை விட்டுக் கட்டை அவிழ்த்துப் பாலை ஊற்றிவிட்டார். பித்தளைத் தாம்பாளத்தில் பால் மஞ்சளாகத் திரிந்தது. நான் காலையில் வைத்த கட்டுத்துணியின் நூல் ஒன்று அதில் மிதந்தது. அதிலிருந்து ஒரு வெள்ளிக் கரண்டி மொண்டு என் உள்ளங்கையில் விட்டார்கள்.

வெதுவெதுப்பாக இருந்தது. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். கையைத் தாம்பாளத்தின் மேல் கவிழ்த்தேன்.

"கால் அழுகிட்டிருக்கு. இன்னைக்கே விழுப்புரம் கொண்டுபோகணும்."

"போன வருஷ டாக்டர் மூச்சு விடாம குடிச்சாரு" என்று பல்லைக் கடித்தார் மகன்.

சித்தப்பா அதற்குள் எழுந்து தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "அண்ணனுக்கு உடம்புதான் முக்கியம். வடத்த நான் பாத்துக்கறேன்" என்றார். யாரும் அந்தக் காலைப் பார்க்கவில்லை. மகனுக்குப் பரிவட்டம் போன துக்கம், தம்பிக்கு வந்த சந்தோஷம். இரண்டில் எது அதிக அசிங்கம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் ராஜா என் பக்கம் திரும்பிப் பேசினார். "கார எடுக்கச் சொல்லு பாப்பா. எனக்குக் கண்ணுதான் போச்சு. மூக்கு நல்லாத்தான் இருக்குது."

விரலோடு முடிந்திருக்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே வரை போனது. உயிர் தங்கியது. தேரன்று தம்பி வடம் பிடித்தார். சில வாரம் கழித்து மூத்த மகன் போன் செய்தார். இனி சித்தப்பாவுக்கு நான்தான் வைத்தியராம்.

"அவருக்குச் சுகர் கிடையாது டாக்டரம்மா. நீங்க பாலத் தாராளமா குடிக்கலாம்."

போனை வைத்துவிட்டு, அதைப் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ராஜாவாக இருந்த பெரியவர் இப்போது ஆட்டோவில் என் கிளினிக்குக்கு வருகிறார். மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி.

"நாறுதா பாப்பா?"

குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

"ஸ்பிரிட் வாசனைதாங்கய்யா."