இரண்டாவது ஸ்கேன்

திண்டுக்கல்லில் நான் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் புது மெஷின் வந்தது. ஒரே சுற்றில் அறுபத்துநாலு துண்டுப் படங்கள் எடுக்கும். அது வந்ததும் எங்கள் ஸ்கேன் டாக்டர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நெஞ்சு ஸ்கேனுக்கு வருகிறவர்களை வழக்கமான கதிர் அளவில் ஒரு தடவையும், குறைந்த அளவில் இன்னொரு தடவையும் எடுத்து, சின்னக் கட்டிகள் இரண்டிலும் ஒன்றுபோலத் தெரிகின்றனவா என்று பார்ப்பது. ஆய்வில் எனக்குக் குறையில்லை. அந்த மனிதரைத்தான் பிடிக்காது. நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "அடுத்த நுரையீரலை அனுப்பு" என்பார்.

அன்று சேவுகம்பட்டிப் பக்கமிருந்து பூ விவசாயம் செய்யும் அம்மா ஒருவர் விடாத இருமலோடு வந்தார். முதல் ஸ்கேன் முடிந்து எழப்போனார்.

"படுத்துக்கங்கம்மா, இன்னொண்ணு எடுக்கணும்."

"எதுக்குத் தாயி? ஒண்ணுன்னுதான சொன்னாக. படம் சரியா விழுகலையா?"

ஆய்வுக்கான ஒப்புதல் தாளைப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். கீழே அவர் கைநாட்டு.

கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் நின்றிருந்தார். மெஷினை இயக்கும் அந்த அறைக்குள் போனேன். "அவங்களுக்கு விவரமே தெரியல சார். நீங்க சொல்லிச் சம்மதம் வாங்குனா எடுக்கறேன்."

"கம்மி டோஸ்தான். பட்டனை அமுக்கு."

"அவங்க சம்மதிக்கல சார்."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல சார். ஆனா அமுக்கப்போறது நான்."

அவர் முகம் கறுத்தது. நான் அந்த அம்மாவைக் கைபிடித்து இறக்கி வெளியே அனுப்பினேன். டாக்டரை வாய்விட்டுத் திட்ட முடியவில்லையே என்றுதான் ஆத்திரம். அந்த அம்மாவுக்குக் காசநோய். முதல் படத்திலேயே அடையாளம் தெரிந்தது. சளிப் பரிசோதனை உறுதிசெய்தது. மருந்தில் குணமானார்.

அடுத்த வாரமே என்னை எக்ஸ்ரே அறைக்கு மாற்றினார்கள். ஆய்வுகளை மேற்பார்க்கும் குழுவுக்குப் புகார் எழுதினேன். விசாரணைக்குப் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் அந்த டாக்டரும் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். கடைசியில் படிவத்தைத் தமிழில் அச்சடித்தார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பழைய இடத்துக்கு அனுப்பவுமில்லை.

பிறகு ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. முடிவில், ஒத்துழைத்தவர்களுக்கு நன்றி என்ற வரிசையில் என் பெயர். நேரே அவர் அறைக்குப் போனேன்.

"என் பேரை எடுங்க சார்."

"மரியாதைக்குப் போட்டது."

"உங்க மரியாதை எனக்கு வேணாம்."

வெளிவந்ததைத் திருத்த முடியாது என்று சொல்லிக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெயர் அங்கேதான் இருக்கிறது. இப்போதும் அவர் லிஃப்டில் ஏறினால் நான் இறங்கிப் படியில் நடக்கிறேன்.