தட்டின் அடிப்பக்கம்

நான் வேலை பார்க்கும் பட்டறையில் பகல் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து "மால்ட்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். ஜெர்மனிக்கு வந்த புதிதில், இது நம்மூர் "சாப்பிட்டீகளா" போலத்தான் என்று முடிவுசெய்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். இன்னும் இல்லை, தயிர்சாதமும் சீனியவரைக்காயும் கொண்டுவந்திருக்கிறேன், பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவேன். கழிப்பறை வாசலில் ஒருவர் சொன்னபோதும் நின்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார். அது வெறும் வணக்கம், பதிலுக்கு அதே சொல்லைச் சொன்னால் போதும் என்று தெரிய நான்கு மாதமாயிற்று. அதுவரை யாரும் என்னைத் திருத்தவில்லை. சீனியவரைக்காய் என்றால் என்னவென்றும் யாரும் கேட்கவில்லை.

திருத்தியவர் உவே. என் புரோகிராமை மெஷினில் ஓட்டுகிறவர். உலோகத்தை வெட்டுவதற்குப் பாதை போடுவது என் வேலை. எந்தக் கட்டர், எந்த வழியாக, எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று கணினியில், அதற்கென்றே உள்ள ஒரு மென்பொருளில், வரைவேன். திரையில் ஒரு பொய் மெஷின் அந்தப் பாதையில் ஓடிக் காட்டும். எங்காவது இடித்தால் சிவப்பாகும். சிவப்பு இல்லையென்றால் நிஜ மெஷினுக்கு அனுப்பிவிடுவேன். உவே திரையை நம்புகிறவர் அல்ல. ஒவ்வொரு புது புரோகிராமுக்கும் முதல் தடவை வேகத்தைக் குறைக்கும் திருகின் மேல் கை வைத்தபடி, குழந்தையைச் சாலை கடக்க வைப்பவர் போல நிற்பார். வந்த முதல் வருடத்தில் அவர் என் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டி. அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்க்கிறாள். நம் பக்கத்தில் மருந்து என்றால் மருந்துதான், வேறு விளக்கம் தேவையில்லை. அம்மா மருந்து ரூமில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் ஜெர்மனில் சொல்லிவிட்டேன். ஒரு நாள் உவே தன் இரத்த அழுத்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து, இது உன் அம்மாவின் கம்பெனியில் செய்ததா என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அது வெடிமருந்து என்றேன். காபியைக் கீழே வைத்தார். பாதுகாப்பு உடை உண்டா என்றார். பருத்திச் சேலைதான் கட்டவேண்டும், நைலான் கூடாது என்றேன்.

என் அண்ணன் முனியசாமி சூலக்கரைக்குப் பக்கத்தில், உலோகம் வெட்டும் ஒரு பழைய மில்லிங் மெஷினை வாங்கிப்போட்டுப் பட்டறை நடத்துகிறான். போன தீபாவளி சீசனுக்கு முன்னால் அம்மாவின் கம்பெனியிலிருந்தே அவனுக்கு ஓர் ஆர்டர் கிடைத்தது. வரிசை வரிசையாக ஓட்டை போட்ட அலுமினியத் தட்டுகள். காகிதக் குழாய்களைத் தட்டின் அடியிலிருந்து ஓட்டைகளில் செருகி நிறுத்தி, மேலே மருந்தைப் பரப்பினால் குழாய்களுக்குள் இறங்கும். இரும்பு என்றால் உரசிப் பொறி வரும் என்பதால் அலுமினியம். "ஏ புள்ள, எறநூறு ஓட்ட. கையால போட்டா ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்காது. நீ ஒரு புரோகிராம் எளுதி அனுப்பு" என்றான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். ஓட்டை போட்டு, மேல்விளிம்பை மழுக்கி, மெஷின் நின்றதும் தட்டைத் திருப்பிப் போட்டு, அடிவிளிம்பையும் மழுக்கவேண்டும். துளைக்கும் கருவி வெளியேறுகிற பக்கத்தில்தான் கூரான உலோகப் பிசிறு அதிகம் நிற்கும். ஒரு தட்டுக்கு முப்பத்தெட்டு நிமிடம் என்று மென்பொருள் கணக்குச் சொன்னது. அடிப்பக்கத்துக்கு மட்டும் பதினொன்று.

மூன்று வாரம் கழித்து, காலை இடைவேளையில் அண்ணனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கழுவித் துடைத்த தட்டைத் தூக்கிக் காட்டி, "பாத்தியா, கண்ணாடி கணக்கா இருக்கு" என்கிறான். அவனுக்குப் பின்னால் மெஷினின் திரையில், ஒரு தட்டு முடிய ஆன நேரம் தெரிந்தது. இருபத்தேழு நிமிடம். அண்ணனுடைய மெஷின் என் கணக்கைவிட வேகமாக ஓட வாய்ப்பே இல்லை. உடனே கூப்பிட்டேன்.

"அண்ணே, தட்டத் திருப்பிப் போட்டியா?"

"அடிப்பக்கம் எதுக்கு? எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? அரத்த வச்சு ஒரு இளுப்பு இளுத்துட்டேன்."

"எத்தன போயிருச்சு?"

"பன்னெண்டு. நேத்து லோடுல போயிருச்சு. சீசன் நேரம், அம்புட்டுப் பேரும் அவசரப்படுறாக."

"அம்மா ரூமுக்கா?"

பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அம்புட்டுக்கு யோசிக்கல" என்றான். "நாளைக்குக் காலையில நானே போயி எடுத்துட்டு வந்துருதேன். நீ ஆபிசுக்குப் போனப் போட்டு வைக்காத. பேரு போயிரும்."

பிசிறு, செருகும்போது குழாயின் வாயைக் கிழிக்கும். கிழிந்த குழாயிலிருந்து மருந்து மேசையில் சிந்தும். சிந்திய மருந்தின் மேல் தட்டு உரசும், பற்றிக்கொள்ள அந்தச் சூடே போதும். இதை அண்ணனுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஊரில் பிறந்தவர்கள். அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை. அம்மாவின் போன் கம்பெனி வாசலில் வாங்கி வைக்கப்பட்டிருக்கும், சாயங்காலம்தான் கைக்கு வரும். சைக்கிள் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கம்பெனி ஆபிசுக்குப் போட்டேன். ஃபோர்மேன் எடுத்தார்.

"பாக்கியத்தோட மகளா? வெளிநாட்டுல இருக்கீகள்ல? சொல்லுங்க."

சொன்னேன்.

"ஒங்க அண்ணன் போட்ட தட்டயா சொல்லுறீக?"

"ஆமாங்க. எங்க அண்ணன் போட்டதுதான்."

அவர் இன்னொரு தடவையும் அதையே கேட்டார். நானும் இன்னொரு தடவை அதையே சொன்னேன். "சரி, வைங்க" என்றார். அன்று மத்தியானம் வரை நான் போட்ட பாதைகள் எல்லாம் திரையில் சிவப்பாகவே வந்தன. உவே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அம்மா கம்பெனி விட்டதும் கூப்பிட்டாள். "ஏத்தா, எதுக்கு ஆபிசுக்கெல்லாம் போன் போடுற? தட்டு இன்னும் கட்டே பிரிக்கல. ஸ்டோர்லதான் கெடக்கு. பளைய தட்டுலதான் வேல ஓடுது. ஒங்க அண்ணன் நாளைக்குக் கமுக்கமா வந்து எடுத்துட்டுப் போயிருப்பான்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுதான். நீ சொன்னது சரிதான் தாயி. அவன் மொகத்த நெனச்சா அதச் சரின்னு சொல்ல வாய் வரமாட்டேங்கு" என்றாள்.

அண்ணன் பன்னிரண்டு தட்டுகளையும் திரும்ப எடுத்துவந்து அடிப்பக்கத்தை ஓட்டிக் கொடுத்தான். ஃபோர்மேன் ஒவ்வோர் ஓட்டையாக விரல் விட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டாராம். அடுத்த ஆர்டர் சிவகாசியில் வேறொரு பட்டறைக்குப் போயிற்று. இரண்டரை மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. கட்டுப் பிரிக்கவில்லை என்று தெரிந்திருந்தால் நான் போன் போட்டிருக்க மாட்டேன். பிரித்திருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பதில் ஒரு வசதி, எதிரில் வந்து யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. அதே தூரத்தில், முகத்தைப் பார்த்துச் சமாதானம் சொல்லவும் முடியாது.

பிறகு ஒரு நாள் நலம் விசாரிப்பு ஏதுமில்லாமல் அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. தட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு வைஸ். கீழே, "இது புதுசு. ஒன் புரோகிராம்ல இடிக்குமா?" மெஷின் முழுவதையும் அளந்து அனுப்பச் சொன்னேன். மூன்று நாள் டேப்பை வைத்து அளந்து படம் படமாக அனுப்பினான். மேசை, தூண், பாதி மட்டுமே திறக்கும் கதவு, ஒரு காலுக்கு அடியில் கொடுத்திருந்த மர ஆப்பு. எல்லாவற்றையும் மென்பொருளில் வரைந்தேன். பாதை போடுவதற்கு மர ஆப்பு தேவையில்லை. அதையும் வரைந்தேன்.

போன வாரம் மதிய இடைவேளையில் என் மடிக்கணினியில் அந்த மெஷினை ஓடவிட்டு, வைஸ் பிடிக்கும் விதம் சரியா என்று உவேயிடம் கேட்டேன். நன்றாக உற்றுப் பார்த்தார். யாருடைய மெஷின் என்றார். நமக்கு 'எங்கள்' என்று ஒரு சொல்லும் 'நம்' என்று ஒரு சொல்லும் இருக்கின்றன. அவர்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். "உன்சரே" என்றேன். உவே கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார். பட்டறையின் கடைசி வரை ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே வந்து, "எங்கே?" என்றார். நானும் எழுந்து, அவர் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.