பால்கோவா கவரும் பாலைவனத்து ஆறும்

இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில், காயத்தில் வைத்துக் கட்டும் காஸ் துணியைத் தண்ணீரில் போட்டு அது எத்தனை நொடியில் மூழ்குகிறது என்று எண்ணுவதுதான் என் வேலை. சீக்கிரம் மூழ்கினால் நல்ல துணி. சிரிக்காதீர்கள், இதற்கும் சம்பளம் தருகிறார்கள். இன்று காலை எண்ணிக்கொண்டிருந்தபோது, நனைந்த பஞ்சுத் துணியின் வாசனை என்னை அமெரிக்கப் பாலைவனத்து ஆற்றில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

என் பக்கத்து மேசையில் முன்பு வேலை பார்த்த செல்வி, சோழபுரத்துக்காரி, கல்யாணமாகி அமெரிக்கா போனவள். சில வருஷங்களுக்கு முன்பு ஊர் பார்க்க என்னை வரவழைத்து, ரப்பர் படகில் நாலு நாள் போகும் பயணத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள். நீச்சல் தெரியுமா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். தேவதானத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு மிதந்த தைரியத்தில் 'தெரியும்' என்று எழுதினேன்.

மழை பெய்தால் மூன்று நாள் ஓடுகிற எங்கள் ஊர் ஆற்றைத்தான் ஆறு என்று நம்பியிருந்தவள் நான். அங்கே வானத்தில் ஒரு மேகம் இல்லை. இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், நடுவில் நுரை தள்ளிக்கொண்டு ஆறு! முதல் இரண்டு நாளும் கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிவிட்டது.

எங்கள் படகை ஓட்டிய வழிகாட்டி மரியா. மூன்றாம் நாள் காலை, தகர டப்பா திறக்கும்போது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். ஆறு பாறைகளில் மோதிச் சரிந்து விழும் பாய்ச்சல்களில் பெரியது அடுத்த வளைவில்தான். துடுப்புப் போடத் தெரிந்த ஆள் அவளை விட்டால் இல்லை. பாறைச் சுவரில் ஏறிப்போக வழி இல்லை, போனிலும் சிக்னல் இல்லை.

முதலுதவிப் பெட்டியில் காஸ் சுருளைப் பார்த்ததும், உறையில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். அந்த நேரத்திலும்! இல்லை. காயத்தைக் கழுவி இறுக்கிக் கட்டிய பிறகுதான் புத்தி வந்தது.

"செல்வி, நல்ல துணிட்டி இது. படகுல ஏறுன செத்த நேரத்துல தண்ணிய பூரா குடிச்சிரும்."

"ஏட்டி, நீ கொண்டாந்த பால்கோவா கவர் இருக்குல்லா?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய கெட்டி பிளாஸ்டிக் கவர். உள்ளே பாதிப் பால்கோவா மிச்சமிருந்தது. படகிலிருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு கை அள்ளி விழுங்கினோம். கவரைக் கழுவித் துடைத்து மரியாவின் கையில் மாட்டி, மணிக்கட்டில் இன்னொரு சுருளால் முடிச்சுப் போட்டேன்.

பாய்ச்சலில் படகு செங்குத்தாக எழுந்தது. "கைய விட்றாத, எம்மா!" என்று மரியாவைப் பார்த்துத் தமிழிலேயே அலறினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பு வலித்தாள். தண்ணீர் எங்களை மூடித் திறந்தது. மறுபக்கம் வந்ததும் கவரோடு கையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே துணி நனையவே இல்லை! அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

நேற்று செல்வி போனில் ஒரு படம் அனுப்பினாள். தண்ணீர் வற்றிப்போய், படகு விடுவதையே நிறுத்திவிட்டார்களாம். படத்தில் மரியா நிற்கிறாள், நாங்கள் அலறிய அதே இடத்தில், காய்ந்த பாறை மேல், சாதாரணச் செருப்போடு. எங்களுக்காக உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள். தழும்பு அப்படியே இருக்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் இல்லை.