சேணத்துக்கு நீட்டிய கை

சித்திரை வருஷப் பிறப்புக்கு அடுத்த சனிக்கிழமை, நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்குப் போனேன். எனக்குக் குதிரைமேல் பெரிய ஆசை ஒன்றுமில்லை. என் மனைவியின் தம்பி சுப்பையா அங்கே ஒரு துரையிடம் குதிரைக்காரராக இருக்கிறார். அவர் பார்க்கிற ‘லேடி மே’ என்ற குதிரை போன வருஷம் முன்னங்கால் வீங்கி ஓட முடியாமல் நின்றுபோனது. இந்தமுறை முதலாவதாக வராவிட்டால் கொழும்பில் விற்றுவிடுவேன் என்று துரை சொல்லிவிட்டார். பதினொரு மாதம் அந்தக் காலுக்கு ஒத்தடம் கொடுத்தவருக்கு மனசு எப்படி இருக்கும்? துணைக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதம் போட்டார்.

அட்டனில் காலை 7.10 ரயில், மூன்றாம் வகுப்பு 85 சதம். நானுஓயாவில் இறங்கும்போது 8.50. அங்கிருந்து ஐந்து மைல் பஸ், 25 சதம். எப்போது கிளம்பும் என்று டிரைவரைக் கேட்டேன். இன்னும் நாலு பேருக்கு இடமிருக்கிறது என்றார். எங்கே இருந்தது என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

பந்தயமென்றால் குதிரை ஓடும், நாம் பார்ப்போம் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே எல்லாம் எடைதான். வேகமான குதிரைக்குப் பாரம் அதிகம், மந்தமானதற்குக் குறைவு. அப்போதுதான் போட்டி சமமாக இருக்குமாம். குதிரையை ஓட்டுகிற ஜொக்கி சேணத்தோடு தராசில் உட்கார வேண்டும். எடை குறைந்தால் சேணத்துப் பையில் ஈயத்தகடு வைப்பார்கள். லேடி மேவுக்கு நூற்றுப் பதினாறு றாத்தல். ஓடி முடித்ததும் மறுபடி தராசு. அது சரியாக இருந்தால்தான் முடிவு செல்லும். இவ்வளவும் சொன்ன சுப்பையா ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்.

இரண்டரை மணிக்கு, முக்கால் மைல் ஓட்டம், ஒன்பது குதிரைகள். தண்ணீர் வாளி தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் உள்ளே சேர்த்திருந்தார். குதிரைகளுக்கு முன்னால் குறுக்கே கட்டியிருந்த நாடா மேலே போனது. வளைவுவரை லேடி மே ஐந்தாவது. அப்புறம் என்ன வேகம்! கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. சுப்பையா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அரைக் குதிரை நீளத்தில் அதுதான் முதல்.

ஜொக்கி இறங்கி, சேணத்தைக் கழற்றி, மூச்சு வாங்க எங்கள் பக்கமாக வந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையோடு மலையிறங்கி வருகிறவரைக் கண்டால் நாங்கள் கேட்கவே மாட்டோம், கை கொடுத்து இறக்குவோம். அந்தப் பழக்கத்தில் சேணத்தை வாங்கிவிட்டேன்.

தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் ஓடிவந்தார். தராசு ஏறும்வரை ஜொக்கியையோ சேணத்தையோ வேறு யாரும் தொடக்கூடாதாம். தொட்டால் ஈயம் கைமாறலாம் அல்லவா? விசாரணை இருபது நிமிஷம் நடந்தது. எடை றாத்தல் பிசகாமல் இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். இரண்டாவதாக வந்த குதிரைக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

சுப்பையா என்னைத் திட்டவில்லை. குதிரையை நேரே துரையிடம் நடத்திப் போனார்.

“தொரை, காலத் தொட்டுப் பாருங்க. இம்புட்டு ஓடியும் வீக்கமும் இல்ல, சூடும் இல்லீங்க.”

கோபத்தில் முகம் சிவந்திருந்த துரை, நல்ல கால்சட்டையோடு ஈரப் புல்லில் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, தோட்டத் தமிழில், “விக்கிறது இல்லே. இங்கே நிக்கட்டும்,” என்றார்.

சுப்பையா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அதில் வெட்கம் என்ன?

போகிறவர்களுக்கு: நுழைவு ஒரு ரூபாய். மூன்று மணிக்கு மேல் மழை நிச்சயம், குடையும் கம்பளியும் வேண்டும். அட்டன் பக்கம் திரும்ப நானுஓயாவில் மாலை 5.40 ரயில் உண்டு. ஐந்து மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால், தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் என்னால் மன்னிப்பே கேட்க முடிந்தது. சுப்பையா சிரித்துவிட்டார்.

“விடுங்க மச்சான். மொத வருசம் நானும் இதே மாதிரிதான் சேணத்த வாங்குனேன். அன்னைக்கு நம்ம குதிரை கடைசியா வந்துச்சு, ஒருத்தரும் கண்டுக்கல.”