மாப்பிள்ளைக்கு எந்த ஊர்ப் பஞ்சாயத்து

கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளன், வரலாறு. அந்த வாரம் துருக்கியப் பேரரசு பற்றி வகுப்பு. சுல்தான் செழிப்பாக இருந்த காலத்தில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை கொடுத்தார். அவர்கள் தப்பு செய்தால் அவர்கள் நாட்டுத் தூதரே விசாரிப்பார், உள்ளூர் நீதிமன்றம் தலையிடாது. பேரரசு நொடித்ததும் சலுகை உரிமையாகிவிட்டது. ரத்து செய்கிறோம் என்றால் தூதர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியக்கா பஸ்ஸில் வந்து இறங்கி எங்கள் வாசலில் நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. அவள் புருஷன், எங்கள் பெரிய மாமா, அடித்துவிட்டார். இது மூன்றாவது தடவை.

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அக்கா கல்யாணத்தில் அப்பா சபையில் சொன்னார், "என்ன பேச்சுன்னாலும் மாப்ள ஊர்லயே பேசிக்கலாங்க." அப்போது அப்பாவுக்கு ஊரில் ஒரு மதிப்பு, அது பெருந்தன்மை. இப்போது பக்கவாதத்தில் கட்டிலோடு கிடக்கிறார். முதல் இரண்டு தடவையும் மாமாவின் ஊரான மாரண்டஹள்ளிக்குப் போனோம். மாமாவின் பெரியப்பாவே தீர்ப்பு சொன்னார்: "புருசன் பொண்டாட்டின்னா முன்ன பின்ன இருக்குமுங்க." நானும் தலையாட்டிவிட்டு அக்காவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டேன். "இந்தத் தடவ பேச்சு எங்க வூட்லதானுங்க. வரலன்னா மகளிர் ஸ்டேஷன்." 

மறுநாள் காலை வந்தார். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்கிறீர்கள்? சின்னக்காவின் புருஷன். விருந்துப் பந்தியில் முதல் இலை யாருக்கு என்ற சண்டையில் ஆறு வருடமாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காதவர்கள். இறங்கியதும் அவர்தான் முதலில் பேசினார். "இன்னைக்கு இவர நிக்க வெப்ப, நாளைக்கு என்னய நிக்க வெப்பியா மச்சான்? மாப்ள முறைன்னு ஒண்ணு இல்ல?"

கோபத்திலும் சிரிப்பு வந்தது. முதல் உலகப் போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் தூதர்கள்கூட, சலுகை ரத்து என்றதும் கூடி நின்று ஆட்சேபித்தார்கள் என்று முந்தின நாள்தான் எழுதியிருந்தேன்.

அப்பா கட்டிலில் இருந்து, சரியாகத் திரும்பாத வாயால், "இங்க... இங்கதான்" என்றார். பெரிய மாமா அதைக் கேட்காததுபோல் அக்காவைப் பார்த்து, "கெளம்பு" என்றார்.

"வரலீங்க," என்றாள் அக்கா. "பேசறதுன்னா இங்கியே பேசுங்க. இல்லன்னா ஸ்டேஷன்ல பேசிக்கிறேன்."

மாமாக்கள் இரண்டு பேரும் பைக்கில் ஏறிப் போனார்கள். அக்கா உள்ளே போய்ப் படுத்தவள், அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

மதியம் எனக்குச் சோறு போட்டபடி என் மனைவி கேட்டாள். அவளுக்குப் பிறந்த ஊர் பாலக்கோடு பக்கம்.

"எங்கப்பாவும் நம்ம கல்யாணத்துல, மாப்ள ஊர்லயே பேசிக்கலாம்னு இதே வார்த்தயத்தானுங்க உங்களுக்குக் குடுத்தாரு. நமக்குள்ள ஒண்ணுன்னா எந்த ஊர்லங்க பேசறது?"

"நான் என்னிக்காவது உன்ன அடிச்சனா?"

"அடிக்கலீங்க. எந்த ஊர்லன்னுதான் கேட்டேன்."

காலையிலிருந்து நியாயம் பேசிய வாய். "அது வேற விஷயம்," என்றேன்.

அவள் அக்காவுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.