ஐப்பசியில் இரண்டு பூசம்

நானும் மனைவியும் பிரிந்தபோது மகளின் பிறந்தநாளையும் பிரித்துக்கொண்டோம். இங்கிலீஷ் தேதி மனைவிக்கு, நட்சத்திரம் எனக்கு. "ஐப்பசி பூசத்த நீ வச்சிக்கோ" என்று அவளேதான் சொன்னாள், பழைய மிக்சியைத் தள்ளிவிடுகிற மாதிரி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன்.

அவர்கள் பொதட்டூர்பேட்டையில், மனைவியின் அம்மா வீட்டில். நான் கும்மிடிப்பூண்டியில் இரும்பு கம்பெனி வேலை, ஒற்றை அறை. வருஷத்துக்கு ஒரு பூசம் மகளைப் பார்ப்பேன். மற்ற நாளெல்லாம் போன்தான். போனில் நாங்கள் பேசியது முழுக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ்.

மூன்றாம் வகுப்பில் அவள் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். எங்களுக்குப் பிடித்த முகமூடிக்காரனுக்கு ஒரு புத்தகத்தில் கொட்டும் மழையில் பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள், இன்னொன்றில் கோடை லீவில்.

"எதுப்பா நெசம்?"

எழுதுகிற ஆள் மாறியிருப்பான், முந்தினதைப் படித்திருக்க மாட்டான், அவ்வளவுதான். அதைச் சொல்ல மனசு வரவில்லை. "முகமூடி போட்டா ஒண்ணு, கழட்டினா ஒண்ணு" என்று அடித்துவிட்டேன்.

"அப்போ என்னைய மாதிரியே" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனையோ ஷிப்டு ஓட்டியிருக்கிறேன்.

போன ஐப்பசியில் மாசம் பிறந்ததுமே பூசம் வந்தது. சூப்பர்வைசரிடம் மல்லுக்கட்டி லீவு வாங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய் அவர்கள் வாசலில் நின்றேன். மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"இன்னா, இன்னிக்கி வந்துகீற? இந்த மாசம் ரெண்டு பூசம். ரெண்டு வந்தா பின்னாடி வர்றதுதான் கணக்கு, தெரியாதா?"

தெரியும். சின்ன வயசிலிருந்தே தெரியும். காலண்டரில் முதல் பூசத்தைப் பார்த்த கண் அதற்குக் கீழே நகரவேயில்லை.

சாயங்காலம் வரை பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து, வெளியே வந்த மகளைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். ஏழாவது படிக்கிறாள். என் தோளுக்கு வந்துவிட்டாள்.

"தப்பான நாள்ல வந்துட்டேம்மா. அடுத்த பூசத்துக்கு மறுபடி வரேன்."

"அன்னிக்கி அம்மா திருத்தணி கோயிலுக்குக் கூட்டிக்கினு போறாங்கப்பா."

"அது நம்ம நாளாச்சேம்மா."

அவள் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நம்ம முகமூடி கதைய மொதல்லேர்ந்து புதுசா ஆரம்பிச்சிட்டாங்க, தெரியுமா? பழசு எதுவும் கணக்கு கெடையாதாம். இப்ப அவருக்கு ஒரே பொறந்தநாள்தான்."

எனக்குத் தெரியாது. நான் இன்னும் பழைய புத்தகங்களைத்தான் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"நீ லீவு போட்டுக்கினு அலையாதப்பா. இங்கிலீஷ் தேதி அன்னிக்கே ஒரு போன் பண்ணு. போதும்."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒரு கத்து கத்தியிருப்பேன். "சரிம்மா" என்றேன்.

அவளுக்கென்று வாங்கிவந்த காமிக்ஸை நீட்டினேன். அட்டையைப் பார்த்ததும், இது எங்கிட்ட இருக்கு என்ற சொல் அவள் வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.